எலிக்கு முன்னால் அத்தான்

"ஆஸ்பத்திரி மருந்து விஷம்! செத்தாலும் ஏத்திக்க மாட்டேன்!"

அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்துகொண்டது.

நுரையீரலில் புற்றுநோய்க் கட்டி. உடனே மருந்து ஏற்ற ஆரம்பிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனைவி எதிரே வந்து நின்றாள்.

"பின்னே என்னதான் பண்ணப்போறீங்க?"

"உன் தங்கச்சி இருக்காளே! இலைச் சாறுல நானோ துகள் செஞ்சு கேன்சர் செல்லைக் கொல்றாளாம். அதைத் தரச் சொல்லு."

ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து ஓடிவந்த தங்கை தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அத்தான், அது கண்ணாடித் தட்டுல இருக்கற செல்லைத்தான் கொன்னிருக்கு. தட்டுல ஊத்தினா பினாயில்கூடக் கொல்லும். இன்னும் எலிக்கே கொடுத்துப் பார்க்கலை."

"எலி உனக்கு என்ன உறவு? முதல்ல எனக்குக் கொடு!"

ஒரு வாரமாக இதே பாட்டு. கடைசியில் தங்கை இறங்கி வந்தாள்.

"சரி அத்தான், செடிகொடி மருந்துதானே வேணும்? ஏத்திடலாம். ஆனா ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டுத்தான்."

சோப்பு உறையைக்கூட விடாமல் படிக்கிற மனுஷன், அங்கே நீட்டிய காகிதத்தில் கண்ணாடிகூடப் போடாமல் கையெழுத்துப் போட்டார்.

மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. "ஆகா! மூலிகைன்னா மூலிகைதான். குளுகுளுன்னு ஏறுது" என்று நர்ஸிடம் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. தங்கையை ஜன்னலோரம் இழுத்துப் போனாள்.

"ஏண்டி, நீயெல்லாம் படிச்சவளா? அவர்தான் பிடிவாதம் பிடிச்சா உன் புத்தி எங்கே போச்சு? எலிக்கே கொடுக்காததை என் புருஷனுக்கு ஏத்தறியே!"

"கத்தாதே அக்கா. டாக்டர் எழுதின அதே ஆஸ்பத்திரி மருந்துதான்."

"அப்போ சொன்னதெல்லாம் பொய்யா?"

"பொய் இல்லை. இந்த மருந்தையே ஒரு மரப்பட்டையிலதான் முதல்ல கண்டுபிடிச்சாங்க. ரத்தத்துல கலக்கறதுக்காக நானோ துகளாவும் ஆக்கியிருக்காங்க. அத்தான் கேட்ட ரெண்டும் இதுல இருக்கு."

அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் அடுத்த பயமும் பிடித்துக்கொண்டது.

"ஐயையோ, இது அவருக்குத் தெரிஞ்சா ஊசியைப் பிடுங்கி எறிஞ்சுடுவாரேடி!"

கட்டிலில் மூடிய கண் மூடியபடியே இருந்தது. குரல் மட்டும் வந்தது.

"நல்லாத் தெரியும். ஊரெல்லாம் விஷம்னு கத்தினவன், எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு இங்கே வந்து படுக்கறது? அதான் இவகிட்ட போனேன். எவ்வளவு கேட்டாலும் அந்த இலைச் சாறைத் தர மாட்டா, ஏமாத்தியாவது இங்கே கொண்டுவந்துடுவான்னு அவ்வளவு நம்பிக்கை!"