வரும்

ஊரடங்கின் மூன்றாம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் மருந்துக்கடைக்கு வலிப்பு மாத்திரை வந்து சேர்ந்தது.

ஒரே ஒரு பெட்டி.

கவுண்டரில் நிற்கும் பெண் அதைப் பிரித்த கையோடு மூன்று அட்டைகளை எடுத்து, தெர்மாமீட்டர் டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். தையல்காரருக்கு. முதலாளியிடம் சொல்லிக்கொள்ளவும் தோன்றவில்லை.

பேருந்து நிலையம் காலியாகக் கிடந்தது. வரிசை மட்டும் கடை வாசலிலிருந்து கழிப்பறைச் சுவர் வரை, சுண்ணாம்பு வட்டத்துக்கு ஒருவராக நீண்டிருந்தது. வந்தவர்களில் பாதிப் பேர் சத்து மாத்திரை கேட்டார்கள். மீதிப் பேர், யாரோ தொலைக்காட்சியில் சொன்னதாக, பெயரைச் சரியாகச் சொல்லத் தெரியாத ஏதோ ஒன்றைக் கேட்டார்கள்.

"கை கழுவுற மருந்துல பெருசா ஒண்ணு குடும்மா" என்றார் முதல் வட்டத்தில் நின்ற பெரியவர். "கம்பெனிதான் என்னை ஏற்கெனவே கை கழுவிடுச்சு. நான் கையையாவது கழுவிக்கிறேன்."

வரிசையில் சிலர் சிரித்தார்கள். அவள் தலையை நிமிர்த்தி வரிசையின் கடைசியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அந்தக் கடையில் 'இல்லை' என்று சொல்லக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த அன்று, மருந்துகளின் பெயர்களுக்கும் முன்பே முதலாளி அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அதைத்தான்.

"அந்த வார்த்தை கடையில விழுந்தா அங்கேயே உட்கார்ந்துக்கும்மா. வரும்னு சொல்லு. வண்டி கிளம்பிடுச்சுன்னு சொல்லு. வந்த ஆளு வெறுங்கையோட போகட்டும், வெறும் மனசோட போகக் கூடாது."

பலகையில் எழுதியிருப்பது வேறு. சுற்றுவட்டாரத்தில் அதன் பெயர் 'வரும் கடை'.

தையல்காரர் எட்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்காக அந்த மாத்திரையைக் கேட்டு வந்தபோதெல்லாம் அவள் "வரும்ண்ணே" என்றாள். தொழிற்சாலையே தொற்றுக்கான மருந்து தயாரிக்க மாறிவிட்டது, இப்போதைக்கு எதிர்பார்க்க வேண்டாம் என்று மொத்த வியாபாரி போனில் சொன்ன பிறகும் "வரும்ண்ணே" என்றாள்.

அவரும் ஒவ்வொரு முறையும் "சரிம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

போன வாரம் வந்தபோது மட்டும் கொஞ்சம் நின்று பேசினார்.

"பால் வண்டிக்காரர், டவுன்ல பெரிய கடையில இருக்காம், வாங்கிட்டு வரட்டுமான்னு கேட்டாரும்மா. அவருக்கு எதுக்குச் சிரமம். நம்ம கடையிலயே வரும்னு சொல்லிட்டாங்கன்னுட்டேன். அதுவரைக்கும் இருக்கிறதை வெச்சு ஓட்டிக்கலாம்."

முதலாளி அவளுக்குப் பின்னால் பில் போட்டுக்கொண்டிருந்தார். முகக்கவசத்துக்குள் அவள் வாய் திறந்ததும் மூடியதும் வெளியே தெரியவில்லை.

இன்று தையல்காரர் கடைசி வட்டத்தில் வந்து நின்றார்.

முன்னால் சிலர் வரிசையை விட்டு விலகிப் போயும் அவர் நகராமல் நின்றார். பின்னால் வந்தவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு முன்னேறினார்கள்.

அவள் மூன்று அட்டைகளையும் எடுத்து, உயர்த்திக் காட்டினாள்.

"அண்ணே, முன்னால வாங்க. வந்துடுச்சு."

"அப்ப நாங்கல்லாம் பஸ்ஸுக்கா நிக்கிறோம்?" என்று நடுவிலிருந்து ஒருவன் கேட்டான்.

"விடுப்பா, பிள்ளைக்கு மருந்து" என்று பெரியவர் ஒதுங்கி வழிவிட்டார்.

தையல்காரர் வந்து, கவுண்டர் கண்ணாடி மேல் ஒரு சின்னப் பிளாஸ்டிக் உறையை வைத்தார். சட்டைப் பொத்தான் போட்டு வரும் உறை. பொத்தான் என்றே அவள் நினைத்தாள்.

உள்ளே வெள்ளையாக இருந்தவை மாத்திரைத் துண்டுகள். சில பாதி. மற்றதெல்லாம் கால். பிசிறில்லாமல், ஒன்றுபோல, துணி வெட்டும் கத்திரியால் வெட்டியவை.

"மிச்சம்மா. யாருக்காவது ஆகும்."

"எதுக்குண்ணே இது? பாப்பாவுக்கு இனிமே முழு மாத்திரையே குடுக்கலாமே" என்று அட்டைகளை அவர் பக்கம் தள்ளினாள்.

அவர் அவற்றைத் தொடவில்லை.

"பாப்பா இல்லம்மா."

தலைக்கு மேல் மின்விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது. கவசத்துக்குள்ளிருந்து வந்த குரல். சரியாகத்தான் கேட்டதா என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

"இல்லையா?" என்றாள்.

உள்ளறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த முதலாளியின் காதில் அவளுடைய அந்த ஒரு சொல் மட்டும் விழுந்தது.

"எத்தனை தடவை சொல்றது உனக்கு?" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார். "வரும்னு சொல்லும்மா."

அவள் கை அட்டைகளின் மேலேயே இருந்தது.

தையல்காரர் கொஞ்ச நேரம் உள்ளறைப் பக்கம் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்து, "சரிம்மா" என்றார்.

வரிசைக்காக வாசலில் கட்டியிருந்த கயிற்றுக்கு அடியில் குனிந்து வெளியேறி, பேருந்து நிலையத்தின் குறுக்கே நடந்து போனார். பெரியவர் மறுபடியும் முதல் வட்டத்தில் வந்து நின்றார்.

வெட்டிய மாத்திரையைக் கடையில் திரும்ப எடுப்பதில்லை. அந்த மூன்று அட்டைகளும் மதியத்துக்குள் விற்றுப்போயின.