எவரிஸ்தோ போட்ட சத்தம்

“தெல்மிரா! ரொட்டி கருகுது!”

எவரிஸ்தோ போட்ட சத்தத்தில் சாப்பாட்டு மேஜையில் இருந்த ஒன்பது பேரும் தலை நிமிர்ந்தோம். தெல்மிரா அடுப்பைத் திறந்து ரொட்டியை வெளியே எடுத்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. இந்தச் செம்மறி ஆட்டுப் பண்ணைக்கு நான்தான் மேஸ்திரி. ஆட்களுக்கு நான் ‘தோன் அனீபல்’, அதாவது அனீபல் ஐயா. பக்கத்து ஊர் நூற்றி நாற்பது கிலோமீட்டர். இங்கே நல்லது கெட்டது எல்லாம் நான்தான் கேட்டாக வேண்டும்.

புருஷனிடம் அடி தாங்காமல் ஒரே ஒரு பையோடு கம்பளி லாரியில் வந்து இறங்கியவள் தெல்மிரா. எட்டு மாசமாக இங்கே சமையல். யாரோடும் பேச்சு கிடையாது. திமிர் என்றார்கள் ஆட்கள்.

ஆடு மேய்க்கும் எவரிஸ்தோவும் அடிபட்டவன்தான். குதிரை இவன் மேலே விழுந்து உருண்டு விலா எலும்பு நொறுங்கியது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினால் வீட்டில் பொண்டாட்டி இல்லை. அதற்கப்புறம் நாயைக்கூட விசிலடித்துத்தான் கூப்பிடுவான். அப்படிப்பட்டவன் இவளிடம் மட்டும் இந்தக் கத்து கத்துகிறான். கத்திவிட்டு விலாவைப் பிடித்துக்கொண்டு நிற்பான்.

இந்த லட்சணத்தில், கம்பளி வெட்டு முடிந்ததும் ரெண்டு பேருக்கும் கல்யாணமாம்!

“ஒரு முரடன்கிட்ட தப்பிச்சு இன்னொருத்தன்கிட்ட மாட்டிக்கிறா. நீங்களும் வேடிக்கை பாக்குறீங்களே, தோன் அனீபல்,” என்றான் கிழவன் ரூபெர்த்தோ என்னிடம்.

சாப்பிட்ட கையோடு எவரிஸ்தோவைக் கம்பளிக் கொட்டகைக்குக் கூப்பிட்டேன்.

“வெளியில அடிக்கிற காத்துல கத்தினா சரி. சமையலறைக்குள்ள எதுக்குடா? அவ பட்டது போதாதா?”

தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டிருந்தான்.

“இனிமே சத்தம் போடமாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு. இருந்துக்கோ.”

“அது முடியாது, தோன் அனீபல்.”

“அப்ப கிளம்பு.”

தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே போனான். குதிரைக்குச் சேணம் போட்டான்.

தெல்மிரா சன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். மாவுக் கையோடு ஓடி வந்தாள்.

“அவரை ஏன் அனுப்புறீங்க?”

“உன் நல்லதுக்குத்தான்...” என்று அவன் போவதைப் பார்த்தபடியே சொன்னேன்.

“இப்படித் திரும்பிச் சொல்லுங்க. உதட்டைப் பார்த்தாத்தான் எனக்குப் புரியும்.”

திகைத்துத் திரும்பினேன்.

“என் புருஷன் ஒரு நாளும் குரலை உயர்த்தினதில்ல, தோன் அனீபல். அமைதியாப் பேசிக்கிட்டேதான் அடிப்பான். ரெண்டு காதும் போச்சு. உரக்கக் கத்தினா ஏதோ கொஞ்சம் கேக்கும். பின்னால தண்ணி பொங்கி வழிஞ்சும் நான் திரும்பாததைப் பார்த்து இவர் ஒருத்தர்தான் கண்டுபிடிச்சார். செவிடின்னு தெரிஞ்சா வேலைக்கு வெச்சிருப்பீங்களா? அதான் நான் வாயைத் திறக்கல. முரடன்னு பேர் வந்தா வரட்டும்னு அவரும் சொல்லல.”

குதிரை வேலிக்கதவைத் தாண்டிக்கொண்டிருந்தது.

அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

“ஓடு, தெல்மிரா! அவனைப் போக விடாதே!”

அவள் ஓடினாள்.

சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த ரூபெர்த்தோ, என்னை மேலும் கீழும் பார்த்தான்.

“சீ! நீங்களுமா, தோன் அனீபல்?”

முரடன் என்ற பேர் எனக்கும் வந்தால் வரட்டும் என்று வேலிக்கதவைப் பார்த்து நடந்தேன்.