சனிக்கிழமை அறுத்த இதயம்

மடிக்கணினித் திரையில் இரண்டு முகங்களும் வந்துவிட்டன.

அவள் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். சாத்தித்தான் இருந்தது.

கதவுக்கு அப்பால் அம்மா. நான் கூப்பிடும்வரை சத்தம் போடக் கூடாது என்று காலையிலேயே சொல்லிவைத்தாயிற்று. அம்மா தலையாட்டினாள். பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்த பிறகு அவள் எதற்கும் இவ்வளவு சீக்கிரம் தலையாட்டியதில்லை.

நரைத்த தலைப் பெண்மணி, மருத்துவக் கல்லூரியின் டொக்டர் மரியன். பக்கத்துப் பெட்டியில் இருந்த இளைஞன் அதே மருத்துவக் கல்லூரியின் மாணவன். இருவரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வாய் உலர்ந்து உதடு பல்லில் ஒட்டிக்கொண்டது.

இந்த ஒரு கல்லூரிதான் அவளை நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. மற்றவை எல்லாம் கையை விரித்துவிட்டன. வீட்டிலிருந்தே இணையத்தில் படித்த பட்டமா, மிக்க சந்தோஷம், போய் வாருங்கள். இத்தனை மரியாதையாக விரட்டுவதற்குக் கனடாவை விட்டால் ஆளில்லை.

முதல் கேள்விகள் லேசானவை. ஏன் மருத்துவம். ஏன் இந்தக் கல்லூரி.

கண்ணாடி முன்னால் நின்று பழகிய பதில்களைச் சொன்னாள். பழகிப் பார்க்க வேறு யார் இருந்தார்கள்? நாலு வருடத்தில் ஒரு வகுப்புத் தோழியின் கையைக்கூட அவள் தொட்டதில்லை. பெயர்கள் தெரியும். கறுப்புப் பெட்டிகளில் வெள்ளை எழுத்தில் பெயர்கள். கடைசி வகுப்பு முடிந்ததும் அவை ஒவ்வொன்றாய் அணைந்தன. யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று அவள் கொஞ்ச நேரம் இருந்து பார்த்தாள்.

டொக்டர் மரியன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள்.

புள்ளிகள் பிரமாதம் என்றாள். ஆனால் உடற்கூற்றியலில் செய்முறை அறிக்கைகள் எல்லாம் ஒரு நாள் பிந்தி வந்திருக்கின்றனவே. ஒன்றுகூட நேரத்துக்கு வரவில்லையே. ஏன்?

அவள் பார்வை கதவுக்குப் போய் வந்தது.

செய்முறை வெள்ளிக்கிழமைகளில். ஆசிரியர் திரையில் அறுத்துக் காட்டுவார். மாணவர்கள் தபாலில் வந்த பொதியைப் பிரித்து, தங்கள் வீட்டு மேசையில் அறுத்து, அன்றைக்கே படமெடுத்து அனுப்ப வேண்டும். ஆட்டு இதயம் வந்த முதல் வெள்ளியே அம்மா கட்டிலில் கிடந்தபடி கத்தினாள்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா வீட்டுக்குள்ள மச்சமாமிசம் அறுக்கிறதோ? சுவாமிப் படத்துக்கு விளக்கு ஏத்தியிருக்கு. நாளைக்கு அறு!"

"இது சமைக்க இல்லை அம்மா. படிக்க."

"அது செத்து எத்தினை மாசமோ. இன்னும் ஒரு நாள் பொறுக்காதே?"

இதயம் வாசலில் சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் சனிக்கிழமை வரை பொறுத்தது. பிறகு சிறுநீரகம் பொறுத்தது. கண் பொறுத்தது. ஒவ்வொரு முறையும் புள்ளி குறைத்தார்கள்.

சனிக்கிழமைகளில் அம்மாவே நல்ல கையால் வெளிச்சத்துக்கு ரோச் லைற்றைப் பிடித்தாள். மூக்கைச் சுளித்துக்கொண்டு, "உதென்ன, நரம்பே?" என்று ஒவ்வொன்றாய்க் கேட்டாள். அவளோடு சேர்ந்து படித்த ஒரே ஆள் அம்மாதான்.

டொக்டர் மரியன் காத்திருந்தாள்.

காரணம் இருந்தால் சொல்லலாம் என்றாள். வீட்டில் யாரையாவது பார்த்துக்கொள்ள வேண்டியிருந்ததா? குரல் கனிவாகத்தான் இருந்தது.

சொல்லிவிடலாம் போல இருந்தது.

ஆனால் விண்ணப்பித்தவர்கள் கூடும் இணையக் குழுவில் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடியிருந்தார்கள். வீட்டில் நோயாளி இருப்பதாக மூச்சு விடாதே. இவள் எங்கே வார்டில் நிற்கப் போகிறாள் என்று ஒதுக்கிவிடுவார்கள்.

"இல்லை," என்றாள். "நான் தனியாகத்தான் இருக்கிறேன். பிந்தியது என் பிழை."

டொக்டர் மரியன் குனிந்து எதையோ எழுதினாள்.

அப்போது கதவுக்கு அப்பால் ஓர் இருமல். பாதியிலேயே எதற்குள்ளோ அமுங்கியது.

மாணவன் நிமிர்ந்தான்.

"மேல்வீட்டுக்காரர்," என்றாள். "இது நிலத்தடி பேஸ்மென்ற் வீடு. எல்லாச் சத்தமும் கேட்கும்."

இருவரும் நன்றி சொன்னார்கள். முகங்கள் போய்விட்டன.

அவள் மடிக்கணினியை மூடினாள். இடம் கிடைக்குமா கிடைக்காதா என்றுகூட மனம் ஓடவில்லை. சீ, நானும் ஒரு பிள்ளையா என்று இருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்க் கதவைத் திறந்தாள்.

அம்மா படுத்திருக்கவில்லை.

கட்டில் விளிம்பில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். இரவுச் சட்டைக்கு மேல், கலியாண வீடுகளுக்குக் கட்டும் நீலச் சேலை. ஒரு கையாலேயே சுற்றியிருக்கிறாள். பாதி தரையில் கிடந்தது. பொட்டு இடப் புருவத்துக்கு மேல் ஏறியிருந்தது.

பிள்ளையைக் கேட்டு வருகிறவர்கள் தாயையும் ஒரு பார்வை பார்க்காமல் போக மாட்டார்கள் என்பது அம்மாவின் கணக்கு. கூப்பிடும்வரை சத்தம் போடாதே என்றால், கூப்பிடுவார்கள் என்றுதானே அர்த்தம்.

"முடிஞ்சுதோ?" அம்மா அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "அவையள் என்னைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லையோ?"

"கேட்டவை அம்மா."

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. இருமலை அடக்கியதில் கண்கள் இன்னும் சிவந்திருந்தன.

"என்ன சொன்னனீ?"

அவள் சீப்பை எடுத்துக்கொண்டு அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். அங்கே இருந்தால் முகம் தெரியாது.

"சொல்லன், பிள்ளை," என்றாள் அம்மா.