பதிவில் இல்லாத தாலாட்டு

ஜெசிந்தா பதினேழு பேர் வாசிக்கும் ஜாஸ் குழுவுக்காக எழுதிய இசை மறுநாள் மேடையேற வேண்டும். அதற்கு முன், அதில் என்னென்ன கலந்திருக்கின்றன என்று அரசு அலுவலகத்தில் இருக்கும் ஆய்வு இயந்திரம் சான்று தரவேண்டும். பறையடி, கியூப நடனத் தாளம், மாதாகோயில் பாட்டு என்று அவள் தெரிந்தே கலந்ததையெல்லாம் அது சரியாகச் சொன்னது. கடைசி வரியில், 'தாலாட்டு. ஒரு பெண் குரல். எழுதியவர் ஒரு வயதுக்குள் கேட்டது. பதிவில் இல்லை' என்றிருந்தது.

ஜெசிந்தா அநாதை விடுதியில் வளர்ந்தவள். தன்னை மடியில் போட்டு யாரும் பாடியதில்லை என்றே ஐம்பது வருடமாக நம்பியிருந்தாள்.

"பதிவில்லாதது இருந்தா அனுமதி கிடைக்காதும்மா. எடுத்துடட்டுமா?" என்றார் எழுத்தர்.

"மத்ததையெல்லாம் எடுத்துடுங்க சார். அது மட்டும் கேக்கட்டும்."

இயந்திரத்தில் ஒலித்த டிரம்பெட்டும் பறையும் ஓய்ந்தன. அந்த மெட்டு மட்டும் அறையில் எஞ்சியது.

எழுத்தர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.