பட்டியலின் முதல் பெயர்

"என்ன யாஸ்னா, இந்த முதல் வரி நெஜந்தானா? இல்ல, கம்ப்யூட்டர் ஏதாச்சும் உளறுதா?"

இயக்குநர் ஸ்லாவ்கோ மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்.

"கம்ப்யூட்டர் உளறாது சார். மூணு தடவ சரிபார்த்துட்டேன்" என்றாள் யாஸ்னா. குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

ஓசியெக் நகரில் தனியாக வாழும் முதியவர்களின் வீடுகளுக்குப் பணிப்பெண்களை அனுப்பும் அலுவலகம் அது. ஒரு வீட்டுக்கு முக்கால் மணி நேரம். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் பணிப்பெண் தன் போனில் பதிவு செய்ய வேண்டும்.

மூன்று மாதத்தில் ஒன்பதாயிரம் பதிவுகள். அவற்றைப் பணிப்பெண் வாரியாகப் பிரித்து, ஒவ்வொருத்தியும் முக்கால் மணிக்கு மேல் தங்கிய நிமிடங்களைக் கூட்டி, பெரிய கூட்டுத்தொகை மேலே வரும்படி அடுக்கியிருந்தாள் யாஸ்னா.

முதல் வரியில் ஜோர்கா. 1,860 நிமிடம். அடுத்த பெயருக்கு வெறும் 210.

"முப்பத்தோரு மணி நேரம்!" ஸ்லாவ்கோ மேஜையைத் தட்டினார். "நாப்பது கிழடுக ஆள் கேட்டுக் காத்துக் கெடக்குது. இந்தம்மா எங்கயோ போய் சாவகாசமா உக்காந்திருக்கு. கூப்பிடு அவளை."

ஜோர்கா வந்தாள். ஐம்பத்தெட்டு வயது. சைக்கிள் மிதித்து வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. நீட்டிய காகிதத்தைப் பார்த்தாள்.

"எந்த வீட்ல இவ்ளோ நேரம் ஜோர்கா?"

ஜோர்கா பதில் சொல்ல வாயெடுத்தாள். எதிரே இருந்த யாஸ்னாவைப் பார்த்தாள். வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டாள்.

"ஒரு சில வீட்ல கதவைச் சாத்திட்டு வர மனசு வரல சார். அவ்ளோதான்."

"எந்த வீடுன்னு கேக்கறேன்."

"எந்த வீடா இருந்தா என்ன சார்? தங்குனது நாந்தானே."

யாஸ்னாவுக்குப் பொறுக்கவில்லை.

"காபியும் டிவி சீரியலும் சேர்ந்துட்டா நேரம் போறது தெரியாதுதான். இல்லீங்களா ஜோர்காக்கா?"

ஸ்லாவ்கோ சிரித்துவிட்டார். ஜோர்கா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை.

"ஆமாம்மா. காபியும் உண்டு" என்றாள்.

"இதப் பாருங்க" என்றார் ஸ்லாவ்கோ. "காரணத்தச் சொன்னா ஏதாவது வழி பண்ணலாம். சொல்ல மாட்டேன்னா இன்னையோட சரி."

ஜோர்கா கைப்பையிலிருந்து வீடுகளின் சாவிக்கொத்தை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

"வரேன் சார். வரேம்மா."

இரண்டு வாரத்தில் அவள் அயர்லாந்தில் இருக்கும் மகளிடமே போய்விட்டதாகப் பேச்சு வந்தது. போகட்டும் என்று நினைத்துக்கொண்டாள் யாஸ்னா.

அந்த வெள்ளிக்கிழமை ஸ்லாவ்கோ மறுபடியும் கூப்பிட்டார்.

"புதுசா வந்திருக்கற பொண்ணுக்கு வீடு பிரிச்சுக் குடுக்கணும். அதே கணக்க இப்ப வீடு வாரியாப் போட்டுக் குடு. எந்த வீடு நேரத்தத் தின்னுதுன்னு பாப்போம்."

"அஞ்சு நிமிஷ வேல சார்."

நிஜமாகவே ஐந்து நிமிட வேலைதான். பணிப்பெண்ணின் பெயர் இருந்த இடத்தில் வீட்டு எண்ணைப் போட்டாள். மறுபடியும் கூட்டினாள். மறுபடியும் பெரிய தொகையை மேலே ஏற்றினாள்.

முதல் வரி: வீடு எண் 317. கூடுதலாக 1,540 நிமிடம்.

உள்ளே திறந்து பார்த்தாள். அத்தனையும் ஜோர்கா தங்கியவை. அத்தனையும் ஞாயிற்றுக்கிழமை. பதின்மூன்று ஞாயிறு.

"அடேங்கப்பா, வாராவாரம் விருந்துதான் போல" என்று முணுமுணுத்தபடி 317-இன் முகவரியை எடுத்தாள்.

தச்சர் தெரு, 14. மரா பலென், வயது 79. தனியாக வசிக்கிறார்.

யாஸ்னா அந்த வரியை மறுபடியும் படித்தாள்.

அந்த வீட்டில்தான் அவள் பிறந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் அவளும் பலென்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் அம்மாவுக்காக விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தவளும் அவளே. அதோடு கடமை முடிந்தது. யார் வருகிறார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஞாயிறு தவறாமல் போன் மட்டும் செய்வாள். "இந்த வாரமும் முடியலம்மா, அடுத்த வாரம் கண்டிப்பா" என்பாள். "பரவால்ல கண்ணு, நீ ஒடம்பப் பாத்துக்க" என்பாள் அம்மா.

விண்ணப்பத்தில் 'மகள்' என்ற இடத்தில் அவள் பெயரும் போன் நம்பரும் இருந்தன. அதன் நகல் ஒன்று எப்போதும் பணிப்பெண்ணின் கையில் இருக்கும்.

அப்படியானால் ஜோர்காவுக்குத் தெரியும். அன்றைக்கு இந்த அறையில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேலை பிழைத்திருக்கும். யாஸ்னாவின் மானம்தான் போயிருக்கும்.

ஒவ்வொரு பதிவுக்கும் கீழே 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. எந்த அறிக்கையிலும் யாஸ்னா அதைச் சேர்த்ததில்லை. கூட்டவும் முடியாது, அடுக்கவும் முடியாது, அதை வைத்து என்ன செய்ய?

முதல் ஞாயிற்றுக்கிழமையின் கட்டத்தைத் திறந்தாள்.

'மகள் சாப்பிட வருகிறாள் என்று மேஜையில் இரண்டு தட்டு வைத்திருந்தார். நாலு மணி வரை யாரும் வரவில்லை. இரண்டாவது தட்டில் நான் உட்கார்ந்து சாப்பிட்டேன்.'

அடுத்த பன்னிரண்டு ஞாயிற்றுக்கும் ஜோர்கா எழுதியிருந்தது ஒரே ஒரு வார்த்தை.

'மேற்படி.'