உட்கார்ந்தால் நின்றுவிடும் வண்டி

சைக்கிள் கடை வாசலில் வெங்கடப்பனின் டூ-ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள் நீலப் புகை விட்டுப் படபடக்கிறது. பேரிகை ஊருக்குப் பெண் பார்க்கப் போகிறவன் பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி உட்காருகிறான். உடனே இன்ஜின் நின்றுவிடுகிறது. இறங்கி உதைத்தால் மறுபடி ஓடுகிறது. "என்னைக் கண்டாலே இதுக்கு ஆவறதில்லைங்க," என்கிறான் பரிதாபமாக. கடைக்காரர் சூசை சீட்டுக்கடியில் குனிந்து பார்த்துச் சிரிக்கிறார். "ஸ்பிரிங்கு ஒயரைத் தேய்ச்சிருச்சுப்பா. நீ உக்காந்தா சீட்டு அமுங்கி, கம்பி இரும்புல படுது. பிளக்குல பொறி வரல. ஒரு மணி நேரம் இரு, மாத்திடறேன்." "அதுக்குள்ள ராகுகாலம் வந்துருங்கண்ணா!" கால்மிதியில் நின்றபடியே வண்டியைக் கிளப்புகிறான். வழியில் ராகிக் கொல்லையில் களையெடுக்கும் பெண்கள், வண்டியில் நிமிர்ந்து நின்றபடி போகிறவர் யாரோ பெரிய ஆபீசர் என்று நினைத்து எழுந்து கும்பிடுகிறார்கள். வெங்கடப்பனும் வேறு வழியில்லாமல் ஆபீசர் மாதிரியே தலையசைக்கிறான்.