நாலு சொட்டு மஞ்சள்

ஹால் ஒரே இருட்டு. வெளிச்சமாகத் தெரியட்டும் என்று செண்பகம் இளமஞ்சள் பெயிண்ட் கேட்டாள். கடைக்காரர் ஒரு வாளி வெள்ளையில் நாலு சொட்டு மஞ்சளை விட்டு மூடிக் கொடுத்தார்.

வாளிக்குள் வெள்ளைக்கு வயிறு எரிந்தது. "வாளி முழுக்க நான். அந்த ஹாலுக்கு வெளிச்சம் தரப்போறதும் நான். நாலு சொட்டு நீ, பேர் மட்டும் உனக்கா?"

"பேரை நானா வச்சேன்? கொஞ்சம் நகரு, கலந்துக்கறேன்" என்றது மஞ்சள்.

"உன்னோட ஒட்டவே மாட்டேன்" என்று வெள்ளை அதை அடியில் போட்டு அமுக்கியது.

பெயிண்டர் லூர்துவுக்குச் சாப்பாட்டு அவசரம். வாளியைக் கலக்காமலே அடித்தார். நாலில் மூன்று சுவர் முடிந்தது; மூன்றும் பளிச்சென்று வெள்ளை. ஹாலே ஜொலித்தது. வெள்ளை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பாராட்டுக்குக் காத்திருந்தது.

செண்பகம் வந்தாள். சுவர் சுவராகப் பார்த்தாள்.

"அண்ணே, மஞ்சள் எங்கே?"

லூர்து பதறிப்போய் வாளியைச் சாய்த்தார். அடியில் மஞ்சள் தேங்கிக் கிடந்தது.

"இதோ இருக்கே! என்ன அழகு!" என்று வாளிக்குள் குனிந்தாள் செண்பகம், மூன்று வெள்ளைச் சுவர்களுக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு.